நாலு கார்டு போட்டும் நகராத படம்

அந்த அறையை என் மனைவிக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்துவிடுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் தேய்க்கும்போது முடிவெடுத்தேன். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாமே வாயில் நுரையோடு எடுத்தவைதான். வாய் காலியாக இருக்கும் நேரங்களில் முடிவெடுக்கும் பொறுப்பை அவள் பார்த்துக்கொள்கிறாள்.

அந்த அறை என்றால் எங்கள் வீட்டின் மூன்றாவது அறை. கூடத்தைத் தாண்டி, குளியலறைக்கு எதிரில். அதில் என் மைத்துனன் இருந்தான். அவளுடைய தம்பி. அவள் தம்பி என்று கூப்பிட்டதால் நானும் தம்பி என்றே கூப்பிட்டேன். தபால்காரர், மாடி வீட்டுக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். ஊருக்கே தம்பியாக இருந்தவன் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் போய்விட்டான். முப்பத்து மூன்று வயது. ஒன்பது நாள் காய்ச்சல். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவள் வேலையிலிருந்து வந்ததும் தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு அந்த அறைக்குள் போய்விடுவாள். ஆறு மணிக்கு வெளியே வருவாள். கண் சிவந்திருக்கும். உள்ளே என்ன செய்கிறாள் என்று நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தால்தானே கேட்பதற்கு. சரியாக நான்கு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விடுவேன். எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்திருக்கிறேன். பார்க்கிறவர்கள், பாவம், மைத்துனன் போன துக்கம் என்கிறார்கள். நான் மறுப்பதில்லை.

எனக்கு இருந்தது ஒரே பயம்தான். இவள் இப்படி அந்த அறைக்குள் போய்ப் போய், ஒருநாள் ஆள் மட்டும் வெளியே வந்து மனசு உள்ளேயே தங்கிவிடுமோ என்று. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்தது அவன் ஒருவன். இவளும் அந்தக் கதவுக்குப் பின்னால் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் குளிர்சாதனப் பெட்டியும்தான் மிச்சம். அதனால்தான் திட்டம் போட்டேன். ஒரேயடியாகக் காலி செய்தால் உடைந்துபோவாள். தவணை முறையில் செய்தால் தெரியாது. முதலில் வெளியே தெரியாத சாமான். அப்புறம் புத்தகம், சட்டை. கடைசியில் கட்டில்.

எல்லாம் நல்லெண்ணத்தில்தான் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம். முதல் தவணையாக நான் எடுக்க நினைத்தது அவன் கம்ப்யூட்டருக்குள் இருந்த இரண்டு கிராஃபிக்ஸ் கார்டுகளை. அவை எனக்கு அவசரமாகத் தேவைப்பட்டன.

என் தொழில், இன்னும் கட்டாத வீட்டைக் கட்டியது போலக் காட்டுவது. கட்டிடக்காரர் வரைபடம் தருவார். நான் சுவர் எழுப்பி, ஜன்னல் வைத்து, சோபா போட்டு, வெயிலை உள்ளே விடுவேன். எல்லாம் கம்ப்யூட்டரில். வெயில் எந்த ஜன்னலில் நுழைகிறது, எந்தச் சுவரில் பட்டு எந்தத் தரைக்குத் திரும்புகிறது என்று புள்ளி புள்ளியாகக் கணக்குப் போட்டுப் படமாக்குவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. இதற்கு ரெண்டர் என்று பெயர். ஒரு நொடி சினிமாவுக்கு இருபத்தைந்து படம் வேண்டும். அதில் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். நாற்பது நொடி காட்ட ஆயிரம் ஃபிரேம். என் கார்டு ஒரு ஃபிரேமுக்குப் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளும். என்னிடம் இரண்டு கார்டு. வெள்ளிக்கிழமை காலை படத்தைக் கொடுத்தாக வேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அரை நாள் இடித்தது.

தம்பியும் இதே தொழில்தான். நான்தான் கற்றுக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் நான் அவனிடம் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். நான்கு கார்டும் ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கியவை. அவனுக்கு இரண்டு, எனக்கு இரண்டு. நாலையும் ஒரே பெட்டியில் போடலாம் அத்தான், ரெண்டு பேர் வேலையும் பாதி நேரத்தில் முடியும் என்று அவன் கடை வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கார்டுக்கும் தனிக்குடித்தனம்தான் நல்லது, கூட்டுக்குடும்பம் வைத்தால் சண்டை வரும் என்று சொல்லிச் சிரித்தேன். உண்மையில் என் ஃபிரேம்கள் அவன் ஃபிரேம்களுக்குப் பின்னால் நிற்க வேண்டி வருமே என்ற பொறாமைதான்.

அவன் விடவில்லை. என்றைக்காவது மனசு மாறுவீங்க என்று என் பெட்டிக்கு நாலு கார்டு தாங்கும் போர்டையும் பவர் சப்ளையையும் அவனே தேர்ந்தெடுத்துப் போட்டான். இரண்டு பெட்டிக்கும் பொதுவாக வரிசை பார்க்கும் ஒரு புரோகிராமையும் ஏற்றினான். செய்ய வேண்டிய படத்தை ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும், அது முறைப்படி எடுத்து முடித்துக் கொடுக்கும். எப்படி இயங்குகிறது என்று இரண்டு தடவை உட்கார வைத்து விளக்கினான். இரண்டு தடவையும் நான் தூங்கிவிட்டேன். படத்தை ஃபோல்டரில் போடுவது, முடிந்ததும் எடுப்பது. என் அறிவு அந்த அளவோடு நின்றது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்குத் தைரியம் வராது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் கவுண்டரில் வேலை பார்க்கிறாள். பதினெட்டு வருடம். யார் முதலில், யார் பிறகு என்பதில் அவளிடம் சிபாரிசு எடுபடாது. நானே ஒருமுறை பல்வலியோடு போய் முப்பத்தேழாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறேன். தம்பிக்குக் காய்ச்சல் ஏறிய அன்றுதான் முதல்முறையாக வரிசை மீறி ஒருவரை உள்ளே அனுப்பினாள். ஒன்பதாம் நாள் காலையில் எனக்குப் போன் செய்தாள். உங்களைக் கேட்கிறான், வாங்க என்றாள். எனக்கு நாற்பத்து நான்கு ஃபிரேம் பாக்கி இருந்தது. இரண்டு கார்டில் மூன்று மணி நாற்பது நிமிஷம். முடித்து அனுப்பிவிட்டு வருகிறேன் என்றேன். முடித்தேன், அனுப்பினேன், போனேன். அரை மணி நேரம் தாமதம். நாலு கார்டும் ஒரே பெட்டியில் இருந்திருந்தால் ஒரு மணி ஐம்பது நிமிஷத்தில் முடிந்திருக்கும். இந்தக் கணக்கை நான் யாரிடமும் சொல்லவில்லை. நடக்கப் போகும்போது தினமும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். விடை மாறுவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அவள் காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினாள். உடனே சாவி தேட ஆரம்பித்தேன். அரிசி டப்பா, அலமாரி, சுவாமி படத்துக்குப் பின்னால், எல்லா இடமும் பார்த்து, கடைசியில் அவளுடைய பழைய கைப்பையில் ஒரு சாவிக்கொத்து கிடைத்தது. பதினோரு சாவி. எட்டாவது சாவி உள்ளே போனது. திருப்பினேன், கதவு அசையவில்லை. மறுபக்கம் திருப்பினேன், திறந்துகொண்டது. பூட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறான் தச்சன் என்று திட்டிவிட்டு உள்ளே போனேன்.

போனேன் என்றுதான் சொல்ல வேண்டும், பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தலையைக் குனிந்தபடி மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டேன். பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றினேன். இரண்டு கார்டையும் உருவினேன். பரணில் கிடந்த இரண்டு பழைய கார்டை அந்த இடத்தில் செருகினேன். திரை எரியும், விளக்கு மின்னும், படம் வரைய மட்டும் முடியாது. அவளுக்கா தெரியப் போகிறது. பதினோரு நிமிஷத்தில் வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டேன். அறுபது நொடிக்குள் என் பெட்டியைத் திறந்திருந்தேன்.

நாலு கார்டும் ஒரே பெட்டியில் உட்கார்ந்தபோது ஒரு சத்தம் வந்தது பாருங்கள், பக்கத்தில் நின்று பேச முடியாது. வெப்பம் முகத்தில் அடித்தது. சோபாவுக்கு இருந்த ஒரே டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பெட்டிக்கு எதிரில் வைத்தேன். நாலு கார்டும் ஆளுக்கொரு ஃபிரேமாக எடுத்துக்கொண்டன. மணிக்கு இருபத்து நான்கு. சாயங்காலம் நான்கு மணிக்கு நூற்றிருபது ஃபிரேம் முடிந்திருந்தது. வியாழக்கிழமை அதிகாலையிலேயே வேலை முடிந்துவிடும். ராஜா மாதிரி நடக்கப் போனேன்.

ஆறு மணிக்குத் திரும்பினேன். அவள் அடுப்படியில் நின்றிருந்தாள். முகத்தில் வித்தியாசம் எதுவும் இல்லை. தப்பித்தேன் என்று என் அறைக்குப் போய்ப் பார்த்தால், நூற்றிருபது.

இரண்டு மணி நேரத்தில் ஒரு ஃபிரேம்கூட ஏறவில்லை. ஆனால் நாலு கார்டும் உயிரைக் கொடுத்து உழைக்கின்றன. ஃபேன் அலறுகிறது. பெட்டியின் மேல் துணி உலர்த்தலாம். உழைப்பு தெரிகிறது, பலன் தெரியவில்லை. என் சொந்தப் பெட்டியா, இல்லை அரசாங்க அலுவலகமா என்று சந்தேகம் வந்துவிட்டது. நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன். உடனே அலற ஆரம்பித்தது. நூற்றிருபது.

புதன்கிழமை காலை அவள் வேலைக்குப் போட்டுப் போகும் சட்டையைத் தேய்க்க இஸ்திரிப் பெட்டியைச் செருகினாள். வீடு முழுக்க இருட்டு. நான் ஓடிப்போய்ச் சுவிட்சைத் தூக்கிவிட்டேன். மிக்ஸியைப் போட்டாள். மறுபடி இருட்டு.

“என்னங்க இது?”

“வெயில் காலம். கரண்ட் சரியில்ல.”

“பக்கத்து வீட்ல மிக்ஸி ஓடுது.”

“அவங்க வேற லைன்.”

“உங்க ரூம்ல என்ன அவ்வளவு சத்தம்?”

“வழக்கமா ஓடற ரெண்டு கார்டுதான்.”

“ரெண்டு கார்டுக்கா இவ்வளவு கரண்ட்?”

“வயசாயிடுச்சு, அதான். உனக்கென்ன தெரியும் இதெல்லாம்.”

“எனக்கென்ன தெரியும்” என்று அவளும் ஒத்துக்கொண்டு, கசங்கிய சட்டையோடு கிளம்பினாள். எதற்கும் ஒத்துக்கொள்ளாத ஒரு பெண் ஒத்துக்கொண்டால் ஆண்பிள்ளை சந்தேகப்பட வேண்டும். இருபது வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது உறைக்கவில்லை.

அன்று முழுவதும் பெட்டியோடு போராடினேன். நாலு கார்டையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். இடம் மாற்றி மாட்டினேன். தம்பி கார்டு இரண்டும் என் கார்டு இரண்டும் ஒத்துப்போகவில்லையோ என்று ஒருமுறை சந்தேகம் வந்தது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடு என்று ஒரு கார்டிடம் வாய்விட்டே பேசினேன். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்தேன், நல்லவேளையாக யாரும் இல்லை. கட்டிடக்காரர் போன் செய்து எவ்வளவு ஆயிற்று என்று விசாரித்தார். வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றேன். அந்த அளவில் அது பொய் இல்லை, வேகமாகத்தான் எதுவோ போய்க்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு மானத்தை விட்டு, கார்டு விற்ற கடைக்காரருக்கே போன் போட்டேன். பொறுமையான மனிதர். நாலு கார்டு போட்டால் நினைவகமும் நாலு மடங்கு ஆகிவிடும் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொரு கார்டும் மொத்த வீட்டையும் தன் தலையிலேயே தனியாகச் சுமக்க வேண்டும், வேலையைத்தான் பங்கு போடலாம், சுமையைப் பங்கு போட முடியாது என்று நிதானமாக விளக்கினார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என் வீடு சின்ன வீடுதான் சார், நாலு பேரும் தாங்குவார்கள், ஆனால் படம் நகரவில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வரிசைப் பட்டியலைப் பார்த்தீர்களா, உங்களுக்கு முன்னால் வேறு யாராவது நிற்கப் போகிறார்கள் என்றார்.

இந்த வீட்டில் எனக்கு முன்னால் நிற்க யார் இருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே அந்தப் பட்டியலை வாழ்க்கையில் முதல் தடவையாகத் திறந்தேன்.

இரண்டே வரி. கீழே என் பெயர். ஆயிரத்தில் நூற்றிருபது. காத்திருக்கிறது. மேலே இன்னொரு வரி. ஆயிரத்து நூறில் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. நடக்கிறது. அனுப்பியவர்: தம்பி. அனுப்பிய நாள்: செவ்வாய், மாலை நான்கு மணி பத்து நிமிஷம்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து அறை வாசல்வரை போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தாலும் அதே எழுத்துதான். அந்தப் பெயரை நான் ஆஸ்பத்திரிக் காகிதத்தில்கூட எழுத்தில் பார்த்ததில்லை, அதில் அவனுடைய முழுப் பெயர்தான் இருந்தது. தம்பி என்று அவனே தன்னைப் பற்றி எழுதிக்கொள்வது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். திரும்பி வந்து உட்கார்ந்தேன். பயம் போய்விட்டிருந்தது. அவனாகவே இருந்தால்தான் என்ன, வரட்டுமே என்று தோன்றியது. முடிந்த ஃபிரேம்களைத் திறந்தேன்.

அது ஒரு வீடு. எந்தக் கட்டிடக்காரரும் கேட்காத வீடு. காமிரா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற ஆள் மாதிரி மெதுவாக உள்ளே நுழைந்தது. கூடத்தில் சாய்வு நாற்காலி. அதில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஒரு தொப்பைக்காரர். நான்தான். பனியனில் இருந்த ஓட்டையைக்கூட விடவில்லை, பாவி. அடுப்படியில் ஒரு பெண் முதுகைக் காட்டியபடி நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி அவள் நிற்கும் நிலையில் உலகத்தில் வேறு யாரும் நிற்க முடியாது. வேலை செய்யும் அறையில் நீளமாக ஒரே மேஜை. இரண்டு நாற்காலி. நடுவில் ஒரு பெட்டி, ஒரே ஒரு பெட்டி, அதன் கண்ணாடிப் பக்கத்தில் நாலு கார்டின் விளக்கும் வரிசையாக எரிந்தன. ஒரு நாற்காலியில் மறுபடியும் நான் தூங்கினேன். இன்னொன்று, யாரோ இப்போதுதான் எழுந்துபோனது போலப் பின்னால் தள்ளியிருந்தது.

எழுந்துபோனவனைத் தேடினேன். எல்லா ஃபிரேமிலும் தேடினேன். எங்களை எங்கெல்லாமோ வைத்தவன் தன்னை எங்கேயும் வைத்துக்கொள்ளவில்லை. காமிரா நடைவழியில் திரும்பி, கை கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றது. இதில் தெரிவான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கண்ணாடியில் எதிர்ச்சுவர் தெரிந்தது. யாருமில்லை.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் தொழிலில் எல்லாக் கண்ணாடியும் அப்படித்தான். காமிராவுக்கு உருவம் கிடையாது, அதனால் அது கண்ணாடியில் விழாது. நானே நூறு குளியலறைக்கு அப்படி வரைந்து கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்று அந்தக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் அவன் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. எட்டு மாதமாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். ஒரு வயசான ஆண்பிள்ளை அழுவது அழகாக இருக்காது. நல்லவேளை, ஃபேன் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

மூன்றரைக்கு அவள் வந்தாள். கைப்பையைக்கூட வைக்காமல் என் பின்னால் வந்து நின்றாள். திரையில் அந்தக் கண்ணாடி அப்படியே இருந்தது.

“பார்த்துட்டீங்களா?” என்றாள்.

“நீயா அனுப்பினே?”

“பின்ன, அவனா அனுப்புவான்?”

முழு வீட்டையும் தம்பியே செய்து முடித்து வைத்திருந்தானாம். ரெண்டர் செய்வது மட்டும்தான் பாக்கி. வெளியே போகிற நாட்களில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும்படி அவளுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தான். உன் டோக்கன் மாதிரிதான் அக்கா, யாருக்கு அவசரமோ அவங்களை மேலே தூக்கிப் போடு என்று. அவளுக்கு அரை மணி நேரத்தில் புரிந்துவிட்டது. அவள் தூங்கவில்லை. நாலு மாதமாக, நான் நடக்கப் போகும் இரண்டு மணி நேரத்தில், அவன் பெட்டியில் நாளுக்கு ஆறு ஃபிரேம் என்று எழுநூற்றிருபது ஃபிரேம் முடித்திருக்கிறாள். கண் சிவந்தது திரையைப் பார்த்துத்தான் என்று சொல்லவில்லை, அழுதுகொண்டேதான் செய்தாளாம். செவ்வாய்க்கிழமை உள்ளே போனால் பெட்டி ஓடுகிறது, படம் மட்டும் வரையவில்லை. மேஜையில் என் திருப்புளி கிடந்தது. சரி, கார்டு எங்கே போயிருக்கிறதோ படமும் அங்கே போகட்டும் என்று மொத்தத்தையும் அவன் பெயரிலேயே என் பெட்டிக்கு அனுப்பி, முதலிடத்தில் போட்டுவிட்டாள். நாலு கார்டும் மூன்று நாளாக அவளுக்குத்தான் உழைத்திருக்கின்றன.

“எனக்குச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“எப்ப சொல்றது? நாலு மணிக்கா?”

நான் வேறு பக்கம் தாவினேன். திருட்டுத்தனமாகச் சாவி தேடியதையும், எட்டாவது சாவியையும், தலைகீழ்ப் பூட்டையும் ஒப்புக்கொண்டேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

“அந்தக் கதவை நான் பூட்டவே இல்லையே.”

அப்படியென்றால் முதல் திருப்பில் பூட்டியவனும் நான்தான், மறு திருப்பில் திறந்தவனும் நான்தான். போகும்போது ஒழுங்காகப் பூட்டிவிட்டு வேறு வந்திருக்கிறேன். அன்று சாயங்காலம் தன் தம்பியின் அறைக்குள் போக அவள் சாவியைத் தேட வேண்டியிருந்தது.

“என்னிக்காவது உள்ள வருவீங்கன்னுதான் எட்டு மாசமாத் திறந்தே வெச்சிருந்தேன்” என்றாள். “வந்தீங்க. அதுவும் திருட.”

நான் அவளை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவரத் திட்டம் போட்டேன். அவள் என்னை உள்ளே கொண்டுபோகக் காத்திருந்தாள். எட்டு மாதமாக எங்கள் இரண்டு பேரில் கதவுக்கு வெளியே நின்றவன் நான். இதைச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று வெட்கத்தையும் மீறி வாய் திறந்துகொண்டது. நாற்பத்து நாலு ஃபிரேம் கணக்கை அவளிடம் சொன்னேன். மூன்று மணி நாற்பது நிமிஷம். ஒரு மணி ஐம்பது நிமிஷம். அவன் அன்றே கேட்டபோது நாலையும் சேர்த்திருந்தால் நேரத்தோடு வந்திருப்பேன், என்னைக் கேட்டான் அல்லவா, வந்திருப்பேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவள் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் ஒன்பது நாளும் அங்கதான் இருந்தேன்” என்றாள். “அந்த நேரத்துல இல்ல. டீ குடிச்சுட்டு வந்துடறேன்னு கீழ போனேன். அஞ்சு நிமிஷம். டம்ளரோட மேல வந்தேன், போயிட்டான்.”

இது எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக அவளும் யாரிடமும் சொல்லவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பில்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது.

“டீ ஆறிப்போயிருந்துது” என்றாள். “அப்பவும் குடிச்சேங்க. என்ன செய்யறதுன்னு தெரியாம.”

மணி நான்கு அடித்தது. நான் செருப்பைத் தேடவில்லை. இரண்டு பேரும் எழுந்து அந்த அறைக்குப் போனோம். இந்தத் தடவை தலையைக் குனியாமல் போனேன். துவைத்து மடித்த சட்டைகள் கட்டிலில் இருந்தன. ஜன்னல் திறந்திருந்தது. நான் நினைத்திருந்த மாதிரி அது இருண்ட அறையாக இல்லை, சாதாரண அறையாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மறுபடியும் அழுதேன். அவள் என் முதுகில் கை வைத்திருந்தாள். என் அறையிலிருந்து நாலு கார்டின் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் தெளிந்ததும் பழைய புத்தி திரும்பி வந்தது. நாளைக்குக் காலை கட்டிடக்காரருக்குப் படம் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது நூற்றிருபது ஃபிரேம். தம்பியின் படமே இன்னும் ஏறக்குறைய தொண்ணூறு பாக்கி, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிடக்காரரிடம் என்ன சொல்வது என்று அவளையே கேட்டேன்.

“காலையிலயே போன் பண்ணிச் சொல்லிட்டேன்” என்றாள். “வீட்ல ஒரு சாவு, ஒரு வாரத்துக்கு அவர் வேலை பார்க்க மாட்டாருன்னு.”

“அது நடந்து எட்டு மாசம் ஆச்சேம்மா. இப்பப் போய் அப்படிச் சொன்னா அவர் என்ன நினைப்பார்?”

“எனக்குத்தான் எட்டு மாசம். உங்களுக்கு இன்னிக்குத்தானே.”